ஸ்டிக் அவளுக்கு, பட்டன் அவனுக்கு

சவப்பெட்டிக்காரர் கர்லானி முழங்காலிட்டு, சுவருக்கும் பலகையின் முனைக்கும் நடுவில் டேப்பை நீட்டிப் பிடித்தார். அளவைப் பார்த்துவிட்டு டேப்பை உள்ளே போகவிட்டார். நம்பாதவர்போல மறுபடி இழுத்து அளந்தார்.

"போகாதும்மா," என்றார் எழுந்துகொண்டே. "நேத்து வெறும் பெட்டி. நட்டுக்குத்தலா நிமித்தி, திருப்பிக் கொண்டுபோயிட்டோம். இப்ப ஆள் உள்ள இருக்கார். நிமித்த முடியாது."

நீவெஸ் காப்பிக் கோப்பைகள் அடுக்கிய தட்டுடன் சமையலறை வாசலில் நின்றாள். நேற்று விடிந்ததிலிருந்து அவள் காப்பி போட்டுக்கொண்டே இருக்கிறாள். டாக்டர் குடித்தார். பாதிரியார் குடித்தார். ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் எல்லோரும் குடித்தார்கள். தான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. குடிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"எவ்வளவு இடிக்குது?" என்று கேட்டாள்.

"ஒரு சாண் இருக்கும். பெட்டியோட கைப்பிடியக் கழட்டினாலும் பத்தாது."

அவர் கறுப்புக் கால்சட்டையின் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, இடித்துக்கொண்டிருந்த பொருளைப் பார்த்தார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய டிவி போல ஒரு திரை. திரைக்குக் கீழே, இருக்கவேண்டிய அகலத்தைப்போல இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு பலகை, அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நீண்டிருந்தது. பலகையின் இடது ஓரத்தில் ஒரு ஸ்டிக். வலது ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்பு பட்டன், உள்ளே விளக்கு எரிந்தபடி. திரையில் ஒரு சின்னக் கப்பல் யாரும் ஆட்டாமலேயே இங்குமங்கும் நகர்ந்து, மேலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் நேற்றே குறைத்துவைத்திருந்தாள்.

"பார்ல நிக்குமே, காசு போட்டு ஆடுறது, அதுதானே?"

"அதேதான். வீட்டுல செஞ்சது."

"யாரு செஞ்சா?"

நீவெஸ் பின்னறைப் பக்கம் தலையை லேசாக ஆட்டினாள். கர்லானி தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

தெருக்கதவு திறந்தது. பிப்ரவரிப் பனிமூட்டம் கொஞ்சமும் சிகரெட் வாசனையும் உள்ளே வந்தன. பின்னால் லோரிஸ் வந்தான். நீவெஸின் கணவன் இவோவின் தம்பி. அண்ணனின் கோட்டைத்தான் போட்டிருந்தான். அவனுடையது எதுவும் கறுப்பு இல்லை என்று காலையில் நீவெஸ்தான் எடுத்துக் கொடுத்தாள். தோள் தொங்கியது. கர்லானி விஷயத்தைச் சொன்னதும் லோரிஸ் மெஷினைப் பார்த்து மூக்கால் சிரித்தான்.

"இது அண்ணனுக்கு ரெண்டாம் பொண்டாட்டின்னு அன்னிக்கே சொன்னேன். பாருங்க, போறவன் கைய விடமாட்டேங்குது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி, கோட்டுப் பையில் எதையோ தேடினான். அண்ணனின் கைக்குட்டை ஒன்று கிடைத்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பயன்படுத்தாமலே திரும்ப வைத்தான்.

மெஷினையே நகர்த்த முடியுமா என்று இருவரும் பார்த்தார்கள். முடியாது. சக்கர நாற்காலி வந்த வருஷம், இவோ அதைப் பிடித்து எழுந்து நிற்பதற்காகச் சுவரோடு சேர்த்து போல்ட் அடித்து, மேலே சிமெண்டும் பூசியிருந்தார்கள். சுவர் வந்தாலும் வரும், மெஷின் வராது.

"பின்னறை ஜன்னல் வழியா எடுத்தா?" என்றாள் நீவெஸ்.

"ஜன்னல்ல கம்பி இருக்கேம்மா."

"கம்பிய அறுத்தா?"

கர்லானி லோரிஸைப் பார்த்தார். லோரிஸ் அவளைப் பார்த்தான்.

"அண்ணி, ஒரு பலகையக் கழட்டறதுக்கு பதிலா ஜன்னல அறுக்கச் சொல்றியா? நீ கொஞ்சம் உக்காரு. தூங்கி எத்தன நாளாச்சு உனக்கு?"

அவள் உட்காரவில்லை. தட்டைப் பலகையின் மேல் வைக்கப்போய், வேண்டாம் என்று நாற்காலியில் வைத்தாள். திரையில் கப்பல் வெடித்தது. தானாக ஓடும் விளையாட்டில் அது எப்போதும் அந்த இடத்தில்தான் வெடிக்கும். அதன் பிறகு பட்டியல் வரும். அவள் திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

இவோ கடற்கரையில் குடை போடுகிறவன். கோடையில் விடியும்முன் மணலை வாரிவிட்டு, வரிசை பிடித்துக் குடைகளை நடுவான். குளிர்காலத்தில் இந்த ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. ஓட்டல்கள் கதவுக்குப் பலகை அடித்துக்கொண்டு கிடக்கும். அப்படி ஒரு குளிர்காலத்தில், நாலு வீடு தள்ளி பார் வைத்திருக்கும் தோஸ்கா, உடைந்துபோன மெஷின் ஒன்றை வாசலில் தூக்கிப் போட்டாள். சிறுவயதில் இவோ அதில்தான் ஆடியிருந்தான். திரையையும் போர்டையும் கழற்றிக்கொண்டு வந்தான். மரப்பெட்டியைத் தானே செய்தான். வீடு முழுக்க மரத்தூள். நீவெஸ் ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். வெள்ளைத் துணியை மடித்துவிட்டு வந்து, வீட்டில் மரத்தூளைக் கூட்டுவாள். மெஷின் போடும் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. அவனிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள், பலமுறை.

அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர்களைத் திரையில் போடும் பட்டியல் ஒன்று அதில் உண்டு. பெயருக்கு மூன்று எழுத்துக்குத்தான் இடம். இவோவுக்கு அதில் பெருமை. அவன் முழுப்பெயரே மூன்று எழுத்துதான்: ஐ, வி, ஓ. "மத்தவனெல்லாம் பேர வெட்டிப் போடணும். எனக்குன்னே செஞ்ச மெஷின் இது," என்பான். போர்டு பழையது, அதற்கு ஞாபகம் கிடையாது. மின்சாரம் இருக்கும்வரைதான் பட்டியல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் எல்லாப் பெயரும் அழிந்து, கம்பெனிக்காரன் போட்டுவைத்த பெயர்களே திரும்ப வரும். அதனால் தினமும் ராத்திரி அழிந்துபோவான். தினமும் சாயங்காலம் திரும்ப ஏறுவான்.

நோய் இடது கையில் ஆரம்பித்தது. குடைக் கம்பு ஒன்று கையிலிருந்து நழுவியது, அப்படித்தான் தெரிந்தது. நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வரும் நோய், மருந்து இல்லை என்றார்கள். அதன் பிறகு மெஷினும் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு வந்தது. ஸ்டிக்கின் குமிழ் சிறியதாக இருக்கிறது, பிடிபடவில்லை என்று, கடற்கரைக் குடையின் உச்சியில் இருக்கும் மரக்குமிழைக் கழற்றி மாட்டினான். பட்டனுக்குள் இருந்த சுருளை எடுத்துவிட்டு, பேனாவின் மெல்லிய சுருளைப் போட்டான். சக்கர நாற்காலி வந்தபோது, பெட்டியைக் கீழே ஒரு முழம் அறுத்துக் குள்ளமாக்கி, முட்டிக்கு இடம் விட்டு முன்பக்கத்தைக் குடைந்தார்கள். அறுத்தது நீவெஸ். அதற்குள் அவனால் ரம்பம் பிடிக்க முடியவில்லை. அவன் சொல்வான், அவள் செய்வாள். கோடு தப்பினால் கத்துவான். அவளும் கத்துவாள்.

கடைசி மாற்றம் இந்தப் பலகை. இடது கை முழுக்கப் போய்விட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஸ்டிக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். அவன் நாற்காலியும் அவள் முக்காலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அளவுக்குப் பலகையை அகலமாக்கினார்கள். ஸ்டிக் அவளுக்கு, பட்டன் அவனுக்கு. ஒரே கப்பலை இரண்டு பேர் ஓட்டினார்கள். அவள் நகர்த்தும்போது அவன் சுடமாட்டான். அவன் சுடும்போது கப்பல் வேறெங்கோ இருக்கும். "வலது பக்கம் போடி, வலது," என்பான். "நான் போயாச்சு, நீ எங்க பாத்துட்டிருக்க," என்பாள். எப்போதும் தோற்றார்கள்.

ஒயர்களை அவள்தான் பற்றவைத்தாள். இணைப்புச் சொருகி வைத்துப் பற்றவை, அப்போதுதான் பலகையைத் தனியாகக் கழற்ற முடியும் என்று அவன் சொன்னான். அன்று அவனைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, அவன் சட்டையையும் மாற்றியிருந்தாள். ஒரு சொருகிக்கு ஆறேழு நுனிகளைப் பற்றவைக்கவேண்டும். அவள் கண் எரிந்தது.

"யார் கழட்டப் போறா இத?" என்றாள்.

அவன் யோசித்துப் பார்த்தான். "யாருமில்ல," என்றான். ஒயர்களை நேராகவே பற்றவைத்துவிட்டாள். அதன் பிறகு பலகை வாசல் வழியை அடைத்துக்கொண்டது. சக்கர நாற்காலி அதைத் தாண்டிப் போகாது. டாக்டர் உள்ளே வருவார். தோஸ்கா உள்ளே வருவாள். இவோ வெளியே போகவேண்டிய வேலை எதுவும் இல்லை. இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

லோரிஸ் பலகைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். திருகாணிகளைக் கழற்றினான். பலகை ஒரு விரல் அகலம் முன்னால் வந்து நின்றது.

"கனெக்டரே காணோமே," என்றான் அடியிலிருந்து. "எல்லாத்தையும் நேரா பத்தவச்சிருக்கு. யார் பண்ண வேல? அண்ணன் செத்தாலும் இப்படிப் பண்ணமாட்டானே."

சொன்னது காதில் விழுந்ததும் அவனே வெளியே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"நான்தான்," என்றாள் நீவெஸ்.

"சரி விடு. வெட்டிடலாம். கட்டர் எங்க?"

"வெட்ட வேணாம்."

"பின்ன?"

பின்னறையிலிருந்து கர்லானியின் ஆள் எட்டிப் பார்த்தான். தகட்டை மூடிப் பற்றவைக்கவேண்டும், கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்த்துவிடலாம் என்றான். கல்லறைச் சுவரின் மாடத்தில் வைப்பதால் பெட்டிக்கு உள்ளே துத்தநாகத் தகடு போட்டிருந்தது. மூடி வைத்து, ஓரம் முழுக்க ஈயம் ஓட்டி, காற்றுப் புகாமல் அடைப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் தோஸ்கா வந்தாள். எழுபதைத் தாண்டியும் உதட்டுச் சாயம் பூசுகிறவள். இன்று பூசவில்லை, அதனால் வேறு யாரோ போல இருந்தாள். நீவெஸின் கன்னத்தைத் தட்டிவிட்டு நேராகப் பெட்டியருகே போனாள். இவோ கல்யாணக் கோட்டில் கிடந்தான். நோய் அவனை அந்தக் கோட்டுக்குத் திரும்ப மெலியவைத்திருந்தது. தோஸ்கா கைப்பையிலிருந்து பித்தளை வில்லை ஒன்றை எடுத்து, அவன் மேல்பையில் போட்டாள். அவள் பாரில் அந்தக் காலத்தில் காசுக்குப் பதிலாக மெஷினுக்குப் போடும் வில்லை.

"போற எடத்துல எவன் மாத்திக் குடுப்பான் உனக்கு," என்றாள் அவனிடம். பிறகு நீவெஸைப் பார்த்து, "அழுதியாடி?" என்றாள்.

"நேரம் எங்க இருந்துச்சு?"

"அதுவும் சரிதான்."

நீவெஸ் அவன் வலது கையைப் பார்த்தாள். விரல்களைக் கோத்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். கட்டைவிரல் மட்டும் பிணைப்பில் அடங்காமல் சற்று மேலே நின்றது. அதை அவள் தொடவில்லை. நெற்றியில் முத்தமிட்டாள். ஆளிடம், மூடுங்கள் என்று தலையசைத்தாள்.

முன்னறைக்குத் திரும்பியபோது லோரிஸ் கட்டரைக் கண்டுபிடித்திருந்தான். கோவில் மணிக்கு நேரமாகிறது, பாதிரியாருக்கு இதற்கப்புறம் இன்னொரு சாவும் இருக்கிறது என்று கர்லானி மெதுவாக நினைவுபடுத்தினார். திரையில் கப்பல் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

அவன் இறப்பதற்கு முந்தைய ராத்திரி அவர்கள் ஆடினார்கள். அவள் கண் சொருகிக்கொண்டு வந்தது. கை மட்டும் ஸ்டிக்கில் இருந்தது. அரைத்தூக்கத்தில் எதையும் யோசிக்காமல் நகர்த்தியதாலோ என்னவோ, அன்று கப்பல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அவன் கட்டைவிரலும் விழவேண்டிய நேரத்தில் விழுந்தது. அவன் கத்தவில்லை, அவளும் கத்தவில்லை. கப்பல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வெடித்தபோது, திரை பெயர் கேட்டது. இருவரும் சேர்ந்து ஆடிப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல்முறை.

ஸ்டிக்கை ஆட்டினால் எழுத்து மாறும். பட்டனை அழுத்தினால் எழுத்து நிற்கும். திரையில் மூன்று இடத்திலும் முதல் எழுத்தான ஏ இருந்தது. மேலே நேரம் குறைந்துகொண்டு வந்தது.

"போடு," என்றான் இவோ. அப்போதெல்லாம் அவனுக்கு ஒரு சொல்லுக்குமேல் வராது.

ஐ-க்குப் போகவேண்டும், வி-க்குப் போகவேண்டும், ஓ-வுக்குப் போகவேண்டும். அவளுக்கு அது பெரிய தூரமாகத் தெரிந்தது. "யார் பாக்கப் போறா? நாளைக்குப் போட்டுக்கலாம். அழுத்து," என்றாள்.

அவன் அழுத்தவில்லை.

"அழுத்து இவோ. தூக்கம் வருது."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரல் பட்டன்மேல் இருந்தது. நேரம் தீர்ந்து, மெஷினே ஏ ஏ ஏ என்று எடுத்துக்கொண்டு பட்டியலைக் காட்டியது. கோபத்தில் அழுத்தவில்லையா, முடியாமல் அழுத்தவில்லையா என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். திரும்ப வந்து மெஷினை அணைக்கத் தெம்பு இல்லை. விடியலில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

அப்போதிலிருந்து மெஷின் எரிந்துகொண்டே இருக்கிறது. நேற்று ஜெபமாலையின்போது, சாவு வீட்டில் இதென்ன என்று ஒருத்தி துணி போட்டு மூடப் போனாள். நீவெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும். நான்காவது வரி. கம்பெனிக்காரன் போட்ட பெயர்களுக்கு நடுவில், பெயர் போடச் சோம்பல்பட்ட யாரோ போட்டதுபோல, ஏ ஏ ஏ. அது என்னவென்று அவளைத் தவிர இப்போது யாருக்கும் தெரியாது.

"அண்ணி," என்றான் லோரிஸ், கட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு. "ஷாக்கெல்லாம் அடிக்காது. எரிஞ்சிட்டே இருக்கட்டும், நான் பாட்டுக்கு வெட்டிடறேன்."

"பட்டனுக்கு விளக்கு லைன் போகுது. அது போய் இன்னொண்ணுல பட்டா போர்டு போச்சு."

"போனாப் போகட்டுமே. இனிமே யார் ஆடப் போறா?"

அவளும் ஒருநாள் அப்படித்தான் கேட்டிருந்தாள். கட்டரை அவன் கையிலிருந்து வாங்கி, நாற்காலியில் காப்பித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இவோவின் டப்பாவை எடுத்தாள். பற்றவைக்கும் அயர்ன், ஈயத்தை உறிஞ்சும் செப்புத் திரி, ரெசின் கட்டி. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. வைத்தவள் அவள்தான்.

"மொதல்ல பிளக்," என்றாள். அவள் பற்றவைக்கக் கற்றுக்கொண்ட நாட்களில் இவோ ஒவ்வொரு தடவையும் சொன்னது அது. தெரிந்த விஷயத்தையே சொல்லிச் சொல்லி அவளுக்கு எரிச்சல் வரும்.

மெஷினின் பக்கவாட்டில் குனிந்து பிளக்கைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. இரு."

லோரிஸ் கர்லானியைப் பார்த்தான். கர்லானி கடிகாரத்தைப் பார்க்கப்போய், கையைக் கீழே விட்டார். தோஸ்கா பின்னறை வாசலில் சாய்ந்து நின்றாள். கப்பல் வெடித்தது. திரை ஒரு கணம் இருண்டு, பட்டியல் வந்தது. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வரியை நீவெஸ் படித்தாள். மூன்றே எழுத்து, அதுவும் ஒரே எழுத்து. படிக்க நேரம் எடுத்தது.

பிறகு பிடுங்கினாள். திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி அணைந்தது. சிவப்பு பட்டனின் விளக்கும் போனது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. சத்தம் குறைத்துவைத்திருந்த மெஷினுக்குள் ஏதோ ஒன்று இத்தனை நேரமும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

அயர்னைச் சுவர் பிளக்கில் சொருகி, சூடேறும்வரை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கறுப்பு உடுப்பில் தூசி ஒட்டியது. அவள் போட்ட பற்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பட்டன் பக்கம் இருந்தவை தடித்தடியாக, மங்கலாக. பழகாத காலத்தில் வைத்தவை. ஸ்டிக் பக்கம் இருந்தவை கொஞ்சம் பரவாயில்லை. திரியை வைத்து அயர்னைத் தொட்டாள். ஈயம் பளபளவென்று உருகித் திரிக்குள் ஏறியது. ஒயர் தானாக விட்டது. அடுத்தது. ரெசின் புகை மேலே வந்தது. பைன் மரத்தின் வாசனை.

பின்னறையிலும் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். காஸ் விளக்கு சீறும் சத்தம் கேட்டது. அங்கிருந்து வந்த வாசனை வேறு, அமிலம் கலந்த கூர்மையான வாசனை. வாசலில் இரண்டு புகையும் சந்தித்தன. தோஸ்கா இருமிக்கொண்டு தெருக்கதவைத் திறந்துவைத்தாள். அங்கே ஓரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இங்கே அவள் ஒவ்வொன்றாக விடுவித்தாள். ஒருமுறை பின்னறை ஆள் நெருப்பை நிறுத்தினான். மூலையில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லைபோலும், எதையோ முணுமுணுத்தான். நீவெஸ் கையை நிறுத்தி, தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"தகடு நல்லா சூடாகணும். ஈயத்தச் சுட்டா மட்டும் பத்தாது."

உள்ளேயிருந்து "சரிங்கம்மா," என்றது குரல். காஸ் விளக்கு மறுபடி சீறியது.

கடைசி ஒயர் விட்டதும் லோரிஸும் கர்லானியும் பலகையைத் தூக்கிச் சமையலறையில் சாய்த்துவைத்தார்கள். முன்னறை திடீரென்று அகலமாகிவிட்டது. மெஷினின் முன்பக்கம் ஓட்டையாக இருந்தது. அந்த ஓட்டையிலிருந்து மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு என்று ஒயர்கள் கொத்தாகத் தொங்கின.

பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள். தகட்டோடு சேர்ந்து கனம் அதிகம். லோரிஸ் தலைப்பக்கம். அண்ணனின் கோட்டு தோளில் இழுத்துக்கொண்டது. "பாத்து, பாத்து," என்றார் கர்லானி. மெஷினைத் தாண்டும்போது பெட்டியின் கைப்பிடியில் ஒயர் சிக்கும்போல இருந்தது. நீவெஸ் ஒரு கையால் ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து ஒதுக்கிக்கொண்டாள், சடையை ஒதுக்கிப் பிடிப்பதுபோல. பெட்டி அவள் வயிற்றை உரசிக்கொண்டு, சாயாமல், படுத்தபடியே போனது. அது தெருவுக்குப் போன பிறகும் அவள் கையில் ஒயர்கள் இருந்தன. தோஸ்கா வந்து விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கோவிலில் பாதிரியார் சீக்கிரம் முடித்தார். கல்லறைத் தோட்டத்தில் பனிமூட்டம் விலகவில்லை. தெருவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் குடை போடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குளிர்காலக் கோட்டில் அவர்களை அடையாளம் காண அவளுக்கு நேரமெடுத்தது. சுவரில் மேலிருந்து மூன்றாவது வரிசை மாடம். பெட்டியை உள்ளே தள்ளினார்கள். கொத்தனார் பலகைக் கல்லை வைத்து அடைத்து, மேலே சாந்து பூசி, கரண்டியால் இழுத்துச் சமன் செய்தார். பூசி முடித்துவிட்டு, கரண்டி முனையைச் சாந்துக்கு நேராக வைத்துக்கொண்டு திரும்பினார்.

"சலவைக்கல் வர ஒரு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் அடையாளத்துக்குப் பேர் கீறி வைக்கணும். என்ன பேரு?"

லோரிஸ் வாயைத் திறந்தான். நீவெஸ் அவன் கையைத் தொட்டாள்.

"நான் போடறேன்," என்றாள்.

கொத்தனார் தயங்கினார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, பையிலிருந்து நீளமான ஆணி ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். அவள் பூக்களை ஒதுக்கிக்கொண்டு சுவரை ஒட்டி நின்றாள். சாந்து ஈரமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. யாரோ இருமினார்கள். அவசரம் எதுவும் இல்லை.

மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். அதற்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் சரிந்து வந்து கீழே ஒன்றையொன்று தொட்டன. மூன்றாவது வட்டம். ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வரவில்லை. கொஞ்சம் இடைவெளி விழுந்தது. ஆணியைத் திரும்ப வைத்து, அதை மூடினாள்.

"குடும்பப் பேரு, வருஷம் எல்லாம்..." என்றார் கொத்தனார்.

"இதான் முழுப்பேரு."

ஆணியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். வட்டத்துக்கு வலது பக்கம், ஈரச் சாந்தின்மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை அழுத்தி, எடுத்தாள்.